அட்டை கடித்த இடம்

அத்தியாயம் 5

மூடுபனி ஹட்டன் நகரத்தை முழுசாக விழுங்கியிருந்தது. எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. அப்படி ஒரு காலையில் துப்பறியும் அலுவலகத்துக்கு மாடியேறி வந்த கட்சிக்காரன், உட்காருவதற்கு முன்னால் செய்த முதல் காரியம் ஜன்னல் திரையை இழுத்து மூடியதுதான்.

“வெளிச்சம் கண்ணக் குத்துது மிஸ்.”

மக்பூல் ஜன்னலைப் பார்த்தான். பிறகு வந்தவனைப் பார்த்தான். “தம்பி, இந்த ஊருல சூரியன் காணாமப்போய் ஒரு கிழமை ஆச்சு. நீங்க எங்கயாச்சும் பாத்திருந்தா சொல்லுங்க. அந்தக் கேஸையும் நாங்கதான் எடுத்திருக்கோம்.”

மேசைக்குப் பின்னால் இருந்த கிருஷாந்தி சிரிக்கவில்லை. அவள் அநேகமாகச் சிரிப்பதில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்தவள். வாடிக்கையாளர்களின் பொய்களோடு நிறுத்திக்கொள்ளாமல் கம்பனியின் பொய்களையும் கண்டுபிடித்ததால் வேலை போய், தனியார் துப்பறிவாளர் ஆனவள். மக்பூல் அவளுடைய உதவியாளன், ஓட்டோ சாரதி, தேநீர் போடுகிறவன். மூன்று வேலைக்கும் ஒரே சம்பளம் என்பதை நாள் தவறாமல் அவளுக்கு ஞாபகப்படுத்துகிறவன். ஊரில் எல்லாருக்கும் அவன் ‘நானா’, அதாவது அண்ணன்.

வந்தவன் பெயர் கிஷாந்த். மேல்மலை றக்பி கழகத்தின் பத்தாம் இலக்க ஆட்டக்காரன். தோட்டத்துப் பையன்கள் மட்டுமே ஆடும் அந்த அணி முதல் தடவையாக இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. ஆட்டம் இன்று மாலை மூன்று மணிக்கு. இவனைப் பார்ப்பதற்காகவே கொழும்பிலிருந்து தெரிவாளர்கள் வருகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தேர்ந்தெடுத்தால் கொழும்பில் ஆட்டம், சம்பளம், ஒரு அறை. இல்லாவிட்டால் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் கிடையாது.

“கஜாவ அடிச்சவன கண்டுபிடிக்கணும் மிஸ்.”

“கஜா யாரு?”

“கஜேந்திரன். ஏழாம் நம்பர். என் உசிரு மாதிரி. போன சனிக்கிழமை பொல்பிட்டியப் பக்கத்து கிரவுண்டுல செமி பைனல். ரெண்டாவது பாதியில பனி எறங்கிருச்சு. பக்கத்துல நிக்கிறவன்கூடத் தெரியல. பனி விலகினப்ப கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒசந்த மானாப்புல்லுக்குள்ள கஜா தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். மயங்கிக் கெடந்தானாம். டொக்டர் வந்து பாத்தாரு. தலையில அடி, மூணு கிழமைக்கு வெளையாடக் கூடாதுன்னுட்டாரு. பைனல் போச்சு அவனுக்கு.”

“எதிர் டீம்காரங்க அடிச்சிருக்கலாமே?”

“அந்தப் பக்கம் அவங்க ஆளு ஒருத்தனும் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க ஆளுதான் எவனோ. கஜா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். நான் போன் எடுத்தாலும் எடுக்கிறதில்ல.”

கிருஷாந்தி பேனாவை உருட்டினாள். “அந்த நேரம் நீங்க எங்க நின்னீங்க?”

“நானா?” அவன் யோசித்தான். தேவைக்கு மேல் யோசித்தான். “அங்கதான்... கோட்டுப் பக்கம். பனி மிஸ்.”

மக்பூல் தேநீர் கொண்டுவந்து வைத்தான். கிஷாந்த் சீனி போட்டுக் கலக்கினான். ஒரு வாய் குடிக்கவில்லை. மறுபடி சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கினான்.

“தம்பி, அது தேத்தண்ணியா, சீனிப் பாணியா?”

கிஷாந்த் அசடு வழியச் சிரித்துவிட்டு, தொப்பிக்கு அடியில் விரலை விட்டுப் பின்கழுத்தைப் பரபரவென்று சொறிந்தான்.

“பேன் கடியா?” என்றான் மக்பூல்.

“அட்டை நானா. செமி பைனல் அன்னைக்குக் கடிச்சது. இன்னும் அரிக்குது.”

“இந்த மலையில ஸ்ட்ரைக்கே பண்ணாத ஒரே தொழிலாளி அட்டைதான்.”

கிஷாந்த் எழுந்தான். எழுந்த வேகத்தில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். குரல் மட்டும் உறுதியாக இருந்தது. “ஒண்ணு மட்டும் மிஸ். கஜாவோட பைனலப் பறிச்சவன் எவனா இருந்தாலும் இன்னைக்கு அவன் கிரவுண்டுல கால் வைக்கக் கூடாது. என் கூடப் பொறந்தவனா இருந்தாலும் சரி. கால்ல விழுந்தாலும் விடாதீங்க.”

“விட மாட்டேன்,” என்றாள் கிருஷாந்தி.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அதனால்தான் பழைய வேலை போனது.

*

ஓட்டோ கினிகத்தேனை வீதியில் இறங்கும்போது மக்பூலின் போன் அடித்தது. எடுத்துப் பேசி வைத்தான். இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடி அடித்தது.

“கட்சிக்காரர்தான் மிஸ். கஜாவ அடிச்சவன கண்டுபிடிச்சாச்சான்னு கேக்குறாரு. இப்பதானே கேட்டீங்க தம்பின்னேன். கேட்டேனா நானாங்கிறாரு. என் பொண்டாட்டிகூட ஒரு கேள்விக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூச்சு விடுவா.”

கிருஷாந்தி கழகத்தின் செயலாளர் கணேசமூர்த்தியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“கஜேந்திரனையா?” கணேசமூர்த்தியின் குரல் பதறியது. “வேணாம் மிஸ். டொக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு. இருட்டு அறையில, கண்ணுல துணி கட்டிப் படுத்திருக்கான். சத்தமே ஆகாது அவனுக்கு. கதவத் தட்டிராதீங்க.”

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“பாக்கக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காரு?”

போன் துண்டிக்கப்பட்டது.

“தலையில அடிபட்டா இவ்வளவு பத்தியமா மிஸ்?” என்றான் மக்பூல். “எங்க வாப்பா என் தலையில தட்டாத நாளே இல்ல. நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“அத வேற ஒருத்தர்கிட்ட கேளுங்க நானா.” அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். “மொத அடியில மூளை ஆடிப்போயிரும். வெளியில ஒரு கீறல் இருக்காது. ஆள் நடப்பான், பேசுவான், சிரிப்பான். அது அடங்குறதுக்கு முன்னால ரெண்டாவது அடி விழுந்தா உள்ளுக்குள்ள வீங்கி, அங்கயே முடிஞ்சிரும். சின்ன அடி போதும். காப்புறுதிக் கம்பனியில இருந்தப்ப அப்படி ஒரு பையனோட கேஸ் வந்துச்சு. ‘சாதாரண மோதல்’னு எழுதி மூடச் சொன்னாங்க.”

மக்பூல் அதற்குமேல் விளையாடவில்லை.

தோட்டத்து எல்லையில் பாதை முடிந்தது. மிச்சத்தைத் தேயிலைக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். மக்பூல் காற்சட்டையை மடித்துவிட்டு, ஆசனத்துக்கு அடியிலிருந்து சவர்க்காரக் கட்டியை எடுத்து இரண்டு காலிலும் தேய்த்தான். “அட்டைக்கு. நம்ம வாசனை அதுக்குப் பிடிக்கும். வாசனை சவர்க்காரம் போட்டா வந்த வழியே போயிரும்.”

தொழிலாளர் லயத்தில் கஜேந்திரனின் வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது.

“துணிய கண்ணுல கட்டிக்கிட்டு வெளிய பூட்டும் போட்டுட்டுப் படுத்திருக்காரு,” என்றான் மக்பூல். “கெட்டிக்காரர்.”

அக்கம்பக்கத்து வீடுகளும் பூட்டிக் கிடந்தன. எல்லாரும் எங்கே என்று கேட்க ஆள் தேவைப்படவில்லை. மேட்டிலிருந்து சத்தம் இறங்கி வந்தது. தப்பு மேளம். மாரியம்மன் கோயில் திருவிழா. நெஞ்சுக்குள் வந்து அடிக்கிற அடி.

கோயில் முற்றத்தில் ஐந்து பேர் வட்டமாக நின்று தப்படித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்றவன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம், தூண் மாதிரித் தோள். வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, குச்சி தெறிக்க அடித்துக்கொண்டிருந்தான். முதுகில் ஏழு என்று இலக்கமிட்ட பனியன்.

ஒரு வாரமாக நோயாளியாக நடித்தவனுக்கு அம்மனின் தேர் புறப்படும்போது மட்டும் படுத்திருக்க முடியவில்லை. ஊரை ஏமாற்றலாம். சாமிக்குத் தப்படிக்கிற முறை தன்னுடையதாக இருக்கும்போது வராமல் இருக்க இந்த மலையில் எவனுக்கும் தைரியம் கிடையாது.

அடி நின்றதும் கிருஷாந்தி அவனைக் கோயில் பின்பக்கம் அழைத்துப் போனாள். கஜேந்திரன் ஓடப் பார்க்கவில்லை. தப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

“டொக்டர் என்ன சொன்னாரு?”

“இருட்டுல இருக்கச் சொன்னாரு. சத்தம் ஆகாதுன்னாரு.”

“அதான் நல்ல அமைதியான இடமா பாத்து வந்திருக்கீங்க,” என்றான் மக்பூல்.

கிருஷாந்தி குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். கணுக்காலைச் சுற்றி அட்டைக் கடியின் கறுத்த புள்ளிகள். “செமி பைனல் அன்னைக்கா?”

“ஆமா மிஸ். அந்தக் கிரவுண்டுல எல்லாருக்கும் கடிக்கும்.”

“நீங்க புல்லுல மயங்கிக் கெடந்தீங்க இல்லையா? மல்லாக்கவா?”

“ஆமா... மல்லாக்க.”

“நானா, மழை நாள்ல மானாப்புல்லுக்குள்ள மல்லாக்கப் படுத்தா என்ன ஆகும்?”

“அட்டைக்குக் கல்யாண வீடு மிஸ். கழுத்து, காதுக்குப் பின்னால, முடிக்குள்ள, எல்லா இடத்துலயும் பந்தி நடக்கும்.”

“திரும்புங்க கஜேந்திரன். குனிங்க.”

வியர்வையில் பளபளத்த பின்கழுத்து. ஒரு புள்ளி இல்லை.

“நீங்க படுக்கவே இல்ல,” என்றாள் அவள். “வேற ஒருத்தன் படுத்துக் கெடந்த இடத்துல போய் உக்காந்தீங்க. அவ்வளவுதான்.”

மக்பூல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. காலையில் மேசைக்கு எதிரே இருந்த தொப்பி. அதற்கு அடியில் போன விரல். பேன் கடியா என்று அவனே கேட்ட கேள்வி.

“அல்லாஹ்வே,” என்றான் மெதுவாக. “மிஸ், நம்ம கட்சிக்காரர்.”

“பனிக்குள்ள வெளிச்சம் குத்துதுன்னாரு. சீனி போட்டத மறந்து சீனி போட்டாரு. கேட்டத மறந்து கேட்டாரு. நீங்க எல்லாத்துக்கும் ஜோக் சொன்னீங்க. நான் எல்லாத்தையும் பாத்தேன், ஆனா அடிபட்டவன் கஜேந்திரன்னு நம்பிக்கிட்டே பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே தப்புதான்.” அவள் திரும்பினாள். “கஜேந்திரன், என்ன நடந்துச்சு?”

“சொல்ல மாட்டேன் மிஸ். சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“சரி. சத்தியத்த வச்சுக்கங்க. இன்னைக்கு மூணு மணிக்கு அவன் ஆடப் போறான். தோள் பட்டாலும் போதும், தரையில தலை தட்டினாலும் போதும். அப்புறம் இந்தத் தப்ப அவன் வீட்டு வாசல்ல அடிக்கலாம்.”

கஜேந்திரன் தப்பைப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த பாதையைப் பார்த்தான்.

“ஓட்டோ எங்க நிக்குது?” என்றான்.

*

மூன்று பேரும் ஓட்டோவுக்கு வந்தபோது தேர் பிரதான பாதையில் இறங்கியிருந்தது. ஊரே அதற்கு முன்னும் பின்னும். மக்பூல் ஹோன் அடிக்கவில்லை. அடித்தும் பயனில்லை. கொழுந்து லொறி போகும் மண்பாதையில் வண்டியைத் திருப்பினான். சேற்றில் பின்சக்கரம் சுழன்றது. கஜேந்திரன் இறங்கி, ஒரே தள்ளில் வண்டியை மேட்டுக்கு ஏற்றினான்.

“தலையில அடிபட்டவர் மாதிரியே தள்ளுறாரு,” என்றான் மக்பூல். யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

கிருஷாந்தி கிஷாந்தின் போன் இலக்கத்தை அழைத்துக்கொண்டே இருந்தாள். அடித்தது. எடுக்கவில்லை. காலையெல்லாம் விடாமல் அழைத்தவன், இப்போது எடுக்கவில்லை.

மைதானத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. உடைமாற்றும் அறையின் வாசலில் கணேசமூர்த்தி வழியை மறித்து நின்றார். கழுத்துப்பட்டி, புதுச் சப்பாத்து. கஜேந்திரனைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. ஆனால் ஆச்சரியப்படவில்லை. கிருஷாந்தி அதைக் கவனித்தாள்.

“உங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா தெரிஞ்சிரும்ல?” அவர் குரலைத் தாழ்த்தினார். “மிஸ், வெள்ளக்காரத் தொரமாரு வெளையாடின வெளையாட்டு இது. நம்ம பிள்ளைங்க கையில பந்து வர இவ்வளவு காலம் ஆச்சு. நீங்க இன்னைக்குத் தலை, மூளைன்னு மைக் போட்டா, நாளைக்கு ஒவ்வொரு அம்மாவும் மகன வீட்டுல பூட்டிருவா. அப்புறம் இந்த மலையில றக்பியே இருக்காது.”

“ஒருத்தன் கிரவுண்டுல செத்தா இருக்குமா?”

கஜேந்திரன் அவரைத் தொடவில்லை. சும்மா முன்னால் நடந்தான், அவர் விலகினார்.

உள்ளே கிஷாந்த் வாங்குப் பலகையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் நாடாவை முடிந்தான். அவிழ்த்தான். மறுபடி முடிந்தான். பத்தாம் இலக்கச் சட்டை. மற்ற ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குப் போயிருந்தார்கள்.

“மிஸ்! கண்டுபிடிச்சிட்டீங்களா? யாரு?”

“பின்கழுத்தத் தொட்டுப் பாருங்க. அது என்ன?”

“அட்டைக்கடி. காலையில சொன்னேனே.”

“நின்னு ஆடுறவன அட்டை எங்க கடிக்கும்?”

“கால்ல.”

“பின்ன அங்க எப்படி வந்துச்சு? எப்ப படுத்தீங்க?”

கிஷாந்தின் விரல் கழுத்திலேயே நின்றது. அட்டையைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேயிலைக்குள் பிறந்தவன். யோசித்தான். அவன் யோசிக்க யோசிக்க முகத்தில் பயம் ஏறியது. தேடின இடத்தில் ஒன்றுமே இல்லை.

“இல்ல மிஸ். அடிபட்டது கஜாவுக்கு. எல்லாரும் சொன்னாங்க.” கஜேந்திரன் பக்கம் திரும்பிக் கத்தினான். “சொல்லுடா! ஒன்ன அடிச்சது யாரு? சொல்ல வேணாம்னு ஒன்ன மெரட்டினது யாருடா?”

“நீதாண்டா மச்சான்.”

வெளியே கூட்டம் கூச்சலிட்டது.

“பந்து உசரமா போச்சு,” என்றான் கஜேந்திரன். அவன் யாரையும் பார்க்கவில்லை. “ரெண்டு பேரும் எம்புனோம். பனியில நீ வந்தது எனக்குத் தெரியல. என் முட்டி ஒன் தலையில பட்டுச்சு. புல்லுக்குள்ள மல்லாக்கக் கெடந்த. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, ஆனா பாக்கல. கொஞ்ச நேரத்துல என் சட்டையப் பிடிச்ச. டொக்டர் வந்தா நீ உக்காந்துக்கடா, எனக்குப் பைனல் போச்சுன்னா எல்லாம் போச்சு, யார் கேட்டாலும் சொல்லாதன்ன. நீயே கேட்டாலுமான்னு வெளையாட்டாத்தான் கேட்டேன். நானே கேட்டாலும்னு சத்தியம் வாங்கின. அப்புறம் எழும்பி நின்ன. என்னையப் பாத்து, டேய் கஜா, ஒனக்கு என்னடா ஆச்சுன்னு கேட்ட.”

கிஷாந்த் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். டொக்டரோட பேப்பர்ல கஜா பேர்தான் இருக்கு. நான் ஆடுறத எவனும் நிறுத்த முடியாது.” கிருஷாந்தியிடம் வந்தான். “மிஸ், கொழும்பு ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க. ஒரே ஒரு மேட்ச். ஒங்க கால்ல விழுறேன்.”

விழுந்தும் விட்டான். பூட்ஸ் முனை சீமெந்துத் தரையில் உரசியது. மக்பூல் வேறு பக்கம் திரும்பினான்.

கிருஷாந்தி அவனைத் தூக்கவில்லை.

“காலையில என்ன சொன்னீங்க? கஜாவோட பைனலப் பறிச்சவன் கிரவுண்டுல கால் வைக்கக் கூடாது. கூடப் பொறந்தவனா இருந்தாலும். கால்ல விழுந்தாலும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த ஒன்றை அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால் தப்பித்திருப்பான்.

தரையிலேயே உட்கார்ந்து, முடிந்த நாடாவை மறுபடி அவிழ்க்கத் தொடங்கினான். இந்தத் தடவை மறுபடி முடிச்சுப் போடவில்லை.

கஜேந்திரன் வெளியே போனான், மைதானத்து டொக்டரைத் தேடி. அவன் சொல்லப்போகிற உண்மைக்கு அவனுக்கும் தடை விழும். பின்னாலேயே ஓடிய கணேசமூர்த்தி பதில் ஆட்டக்காரனின் பெயரைக் கூவியதும், கொஞ்ச நேரத்தில் விசில் ஊதியதும் கேட்டது. மேல்மலை அணி தன் முதல் இறுதிப் போட்டியைப் பத்தாம் இலக்கமும் ஏழாம் இலக்கமும் இல்லாமல் தொடங்கியது.

*

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மக்பூல் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். பின்னால் கிருஷாந்தியின் தோளில் சாய்ந்திருந்தான் கிஷாந்த், கண்ணில் அவளுடைய சால்வை. ஒரு தடவை வாந்தி எடுத்தான். ஓட்டோவுக்குள்தான். வேறொரு நாளாக இருந்தால் மக்பூல் அதற்கு மூன்று ஜோக்காவது வைத்திருப்பான்.

பாலம் தாண்டியதும் கிஷாந்த் தலையைத் தூக்கினான்.

“நானா.”

“சொல்லுங்க தம்பி.”

“கஜாவ அடிச்சவன கண்டுபிடிச்சாச்சா?”

மக்பூல் கண்ணாடியில் கிருஷாந்தியைப் பார்த்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்டுபிடிச்சாச்சு தம்பி.”

“இன்னைக்கு ஆடுறானா அவன்?”

“இல்ல தம்பி. ஆடல.”

“நல்லது,” என்றான் கிஷாந்த். மறுபடி சாய்ந்துகொண்டான்.

மக்பூல் பள்ளங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டினான்.